கஞ்சி ஊற்றினால் எண்ணெய்ச் சேறு பிரியுமா?

கேள்வி: ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் ஆயிலும் இரும்புத்தூளும் கலந்த சேறு டிரம் டிரம்மாகச் சேர்கிறது. எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளிக்குப் பஞ்சமில்லை. மாவைக் கஞ்சி காய்ச்சி ஊற்றினால் எண்ணெய் பிரியும் என்கிறார் நண்பர். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். மீதியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் சேர்ந்த புதிதில், சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் ஒரு மூட்டை மரவள்ளி மாவு வாங்கிவந்து கஞ்சி காய்ச்சி ஊற்றினேன். எண்ணெய் அசையவே இல்லை. மூன்றாம் நாள் தொட்டி முழுக்கப் புளித்த நாற்றம். "இட்லிக்கா மாவு கரைச்சீங்க?" என்று மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எண்ணெய்த் துளிகள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். கூலன்ட்டில் சோப்பு போன்ற பொருள் வேறு இருக்கிறது. மரவள்ளி மாவுக்கோ மின்னூட்டமே கிடையாது என்று சொல்லலாம். அதனால் மாவின் நீளமான சங்கிலியில் நேர்மின்னூட்டமுள்ள அம்மோனியத் தொகுதிகளை ஏற்றுகிறார்கள். இதுதான் கேட்டயானிக் ஸ்டார்ச். துளிகளின் மின்னூட்டத்தைத் தணித்து, பல துளிகளைச் சேர்த்துக் கட்டிவிடும். பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைப் பாலிமரைக் கிளைகளாக மாவின் மேல் ஒட்டுவது இன்னொரு வழி. சந்தூர் ஒட்டு மாங்கன்று மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் நீங்களே தயாரிக்க இறங்காதீர்கள். அந்த ரசாயனங்கள் நச்சு. காகித ஆலைகள் பயன்படுத்தும் பொருள் என்பதால் கேட்டயானிக் ஸ்டார்ச் விலைக்கே கிடைக்கும்.

முதலில் ஆறு கண்ணாடிக் குவளையில் சோதியுங்கள். சேற்றை நீர்விட்டுக் கரைத்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு படிகாரம், அப்புறம் ஸ்டார்ச் கரைசலைக் குவளைக்குக் குவளை கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு நிமிடம் வேகமாக, பதினைந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரைமணி நேரம் விடுங்கள். சரியான அளவில், எலுமிச்சை பிழிந்த பால்போலத் திரியும். நான்காவது தெளிந்து ஆறாவது மறுபடி கலங்கினால் கைத்தவறு இல்லை. அளவு மிஞ்சியதால் துளிகள் நேர்மின்னூட்டத்துக்கு மாறி மறுபடி தள்ளிக்கொள்கின்றன. கரைசலை அன்றன்றைக்கே கரையுங்கள்; என் தொட்டி நினைவிருக்கட்டும்.

பிரிந்த எண்ணெயும் சேறும் சட்டப்படி ஆபத்துக் கழிவுதான். அனுமதி பெற்றவர்களிடமே கொடுக்க வேண்டும். தெளிந்த நீரையும் சாக்கடையில் விட்டுவிடாதீர்கள், அதற்கும் சுத்திகரிப்பு பாக்கி இருக்கிறது.

கேள்வி: மாவுக்குப் பதில் சேகோ ஆலையில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியையே பயன்படுத்தினால் என்ன? (அரூர் வாசகர்)

பதில்: திப்பியில் மாவு நிறையவே மிச்சம் இருக்கிறது. ஆனால் நாரோடு வரும். பிரித்தெடுக்க ஆகும் செலவில் மாவே வாங்கிவிடலாம். மாட்டுக்கே போடுங்கள்.