அனுமதிக் கடிதம் வந்த பிறகும் ஒரு வாசல் இருக்கிறது: கனடாவில் பல்கலைக்கழகம் தேர்வது பற்றிக் கேள்வி பதில்

ஒன்ராறியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாட ஆலோசகராகப் பதினாறு வருடங்களாக வேலை செய்கிறேன். என் மேசைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் நல்ல புள்ளியோடு உள்ளே வந்தவர்கள். அப்படியிருந்தும் ஒவ்வொரு மே மாதமும் சிலர் கண்கலங்கி நிற்கிறார்கள். விண்ணப்பிக்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் இந்தக் கேள்விகளை விரும்பி எடுத்துக்கொண்டேன்.

ஸ்காபரோவிலிருந்து கிரேட் 12 மாணவன்: அக்கா, எனக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க விருப்பம். ரொறன்ரோ பல்கலைக்கழகமா, வாட்டர்லூவா? எல்லோரும் ரேங்கிங்கைப் பார் என்கிறார்கள்.

தம்பி, உலகத் தரவரிசைகள் பெரும்பாலும் ஆராய்ச்சியையும், பேராசிரியர்களின் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதையும் வைத்து வருபவை. முதலாண்டில் உனக்கு யார் பாடம் எடுப்பார், வகுப்பில் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் தெரியாது. அதை ஓரமாக வைத்துவிடு.

நீ பார்க்கவேண்டியது இரண்டாவது வாசலை. ரொறன்ரோவின் கலை, அறிவியல் பீடத்தில் முதலாண்டு முடிந்த பிறகுதான் உன் சிறப்புப் பாடத்துக்குள் முறையாகச் சேர்வாய். டவுன்டவுன் வளாகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரிவுக்கே அனுமதி கிடைத்தவர்களுக்கு இடம் காத்திருக்கும். ஆனாலும் முதலாண்டுக் கணினிப் பாடங்களில் அவர்கள் சொல்லும் புள்ளியை எடுக்கவேண்டும். "இப்போதைக்குக் கணிதத்தில் சேர்வோம், அடுத்த வருடம் கம்ப்யூட்டருக்கு மாறலாம்" என்று வேறு பிரிவில் நுழைபவர்களுக்கு மிகக் குறைந்த இடங்களே உண்டு. கலங்கி வரும் பிள்ளைகள் பலரின் கதை இப்படித் தொடங்கியதுதான். ஸ்காபரோ, மிசிசாகா வளாகங்களின் விதிகள் வேறு. மூன்றையும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக நினைத்து வாசி.

வாட்டர்லூவில் கேள்வி வேறு. அங்கே கோ-ஒப் தான் உயிர். நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று மாறி மாறி ஓடும். பட்டம் முடிக்க ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். கையில் வேலை அனுபவமும் சம்பளமும் இருக்கும். ஆனால் இடைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே வேலைக்கு விண்ணப்பித்து, நேர்முகத்துக்கும் போகவேண்டும். வேலை வேறு ஊரில் கிடைத்தால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறவேண்டும். சில பிள்ளைகள் அதில் மலர்கிறார்கள், சிலர் களைத்துப்போகிறார்கள். நீ எந்த வகை என்று உனக்குத்தான் தெரியும். கோ-ஒப் வேண்டும், வீட்டிலும் இருக்கவேண்டும் என்றால் ரொறன்ரோவின் ஸ்காபரோ வளாகத்திலும் கோ-ஒப் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே நம் பிள்ளைகள் அதைக் குறைவாக நினைக்கிறார்கள். அது எனக்கு வருத்தம்.

மார்க்கமிலிருந்து மாணவி: இன்ஜினியரிங் போகவேண்டும், ஆனால் எந்தப் பிரிவு என்று முடிவு செய்ய முடியவில்லை.

அப்படியென்றால் முடிவு செய்ய உனக்கு நேரம் தரும் இடத்துக்குப் போ. வாட்டர்லூவில் விண்ணப்பிக்கும்போதே மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கலா என்று சொல்லிவிடவேண்டும். ஹமில்டனில் உள்ள மக்மாஸ்டரில் முதலாண்டு எல்லோருக்கும் பொது. பிறகு உன் புள்ளியையும் விருப்ப வரிசையையும் பார்த்துப் பிரிவு தருவார்கள். கிங்ஸ்டனில் உள்ள குயின்ஸிலும் பொது முதலாண்டுதான். ஆனால் பாஸ் பண்ணினால் பிரிவை நீயே தேர்ந்தெடுக்கலாம், போட்டி இல்லை. "பொது முதலாண்டு" என்று இரண்டு இடத்திலும் ஒரே பெயர்தான், உள்ளே எவ்வளவு வித்தியாசம் என்று பார்! ரொறன்ரோவிலும் பிரிவு சொல்லாமல் சேர்வதற்கு ட்ராக் வன் என்று ஒரு வழி இருக்கிறது.

இன்னொன்று. புதிதாகத் தொடங்கிய இன்ஜினியரிங் பாடமாக இருந்தால், கனடியப் பொறியியல் அங்கீகார வாரியத்தின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார். பின்னாளில் பொறியாளர் உரிமம் எடுக்கும்போது அது முக்கியம்.

ஏஜாக்ஸிலிருந்து ஒரு தாய்: மகள் டொக்டராக வேண்டும் என்பது எங்கள் கனவு. லைஃப் சயன்ஸுக்குத்தானே போடவேண்டும்?

அக்கா, இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே மருத்துவம் பெரும்பாலும் முதல் பட்டப்படிப்புக்குப் பிறகுதான் வருகிறது. அந்த முதல் பட்டம் லைஃப் சயன்ஸாக இருக்கவேண்டும் என்று எங்கும் விதி இல்லை. சில மருத்துவக் கல்லூரிகள் உயிரியல், வேதியியல் போன்ற சில பாடங்களை எடுத்திருக்கவேண்டும் என்கின்றன. மக்மாஸ்டர் அதுகூடக் கேட்பதில்லை. எம்-கட் என்ற நுழைவுத் தேர்வில் மக்மாஸ்டர் பார்ப்பது வாசித்துப் புரிந்து காரணம் காணும் பகுதியை மட்டும்தான். ஒட்டாவா பல்கலைக்கழகமும் வட ஒன்ராறியோ மருத்துவப் பல்கலைக்கழகமும் அந்தத் தேர்வையே கேட்பதில்லை.

எல்லோரும் கேட்பது புள்ளி. பட்டப்படிப்பின் சராசரி 4க்கு எவ்வளவு என்பதுதான் பெரிய வடிகட்டி. அதனால் மகளுக்கு எந்தப் பாடம் பிடிக்கிறதோ, எதை அவள் இரவு பத்து மணிக்கும் சலிக்காமல் படிப்பாளோ, அதில் சேர்வதுதான் மருத்துவத்துக்கும் நல்ல வழி. ரொறன்ரோ டவுன்டவுனில் சில முதலாண்டு வகுப்புகள் 1,700 பேர் அமரக்கூடிய கான்வொகேஷன் ஹாலில் நடக்கின்றன. அந்தக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிற பிள்ளையா அவள்? சின்ன வகுப்பில் பேராசிரியருக்குப் பெயர் தெரிந்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளையா? அதையும் பாருங்கள்.

அப்புறம், மருத்துவம் கிடைக்காவிட்டால் அந்தப் பட்டத்தோடு அவள் என்ன செய்வாள் என்பதைச் சேரும்போதே பேசுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிலும் பலருக்கு இடம் கிடைப்பதில்லை. நர்சிங், மருந்தியல், உளவியல், புள்ளியியல் என்று அவளுக்கு இரண்டாவதாக எதில் ஆசை என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கனவைச் சொன்னீர்கள், அவளுடையதையும் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

பிரம்டனிலிருந்து ஒரு தந்தை: மகன் வீட்டிலிருந்து போய்வருவது நல்லதா, விடுதியில் விடுவதா? செலவுதான் யோசனை. இளையவளுக்கு 14 வயது, அவளுக்கு இப்போதே ஏதாவது செய்யலாமா?

ஒன்ராறியோவில் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ள பிள்ளைக்குக் கலை, அறிவியல் பாடங்களுக்கான கல்விக் கட்டணம் வருடத்துக்கு ஏறக்குறைய 6,000 டொலர்தான். இன்ஜினியரிங், வணிகம், கணினி எல்லாம் அதைவிடக் கூட. ஆனால் விடுதியும் சாப்பாடும் சேர்ந்தால் பல இடங்களில் வருடத்துக்கு 15,000 டொலரைத் தாண்டிவிடும். அதாவது பல குடும்பங்களில் படிப்பைவிடத் தங்குவதற்குத்தான் கூடச் செலவு.

அதற்காக வீடுதான் சரி என்றும் சொல்லமாட்டேன். பிரம்டனிலிருந்து கோ ரெயிலில் டவுன்டவுன் போவது வேறு, இரண்டு பஸ் மாறி யோர்க் பல்கலைக்கழகம் போவது வேறு. பயணம் போக ஒரு மணி, வர ஒரு மணிக்குள் இருந்தால் பிள்ளை தாங்கும். அதற்கு மேல் போனால் மாலை ஆய்வுக்கூடம், நண்பர்களோடு சேர்ந்து படிப்பது, பேராசிரியரின் அலுவலக நேரம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். ஜனவரியில் ஒரு நாள், காலை எட்டரை வகுப்புக்குப் போவதுபோல மகனோடு நீங்களும் போய்ப் பாருங்கள். எந்த இணையத்தளமும் சொல்லாததை அந்த ஒரு காலை சொல்லிவிடும்.

இளையவளுக்கு ஆர்.இ.எஸ்.பி. என்ற மேற்படிப்புச் சேமிப்புக் கணக்கு இல்லையென்றால் இந்த மாதமே தொடங்குங்கள். நீங்கள் வருடத்துக்கு 2,500 டொலர் போட்டால் மத்திய அரசு அதில் 20 வீதம், அதாவது 500 டொலர் சேர்க்கும். விட்டுப்போன வருடங்கள் இருந்தால் ஒரு வருடத்தில் 5,000 போட்டு 1,000 வரை பெறலாம். வாழ்நாள் உச்சம் 7,200. 16, 17 வயதில் இந்தப் பணம் வருவதற்கு, 15 வயதாகும் அந்த வருட முடிவுக்குள் ஒரு குறிப்பிட்ட தொகை போட்டிருக்கவேண்டும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். வருமானம் குறைந்த குடும்பமென்றால் கனடா கற்றல் பத்திரம் என்று 2,000 டொலர் வரை வரும். அதற்கு நீங்கள் ஒரு சதம்கூடப் போடத் தேவையில்லை, கணக்கைத் திறந்து கேட்டால் போதும். கேட்காததாலேயே இதைப் பெறாத குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. மனம் பொறுக்கவில்லை.

மாகாணக் கடனுதவியான ஓசாப், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கும் உண்டு. குடியுரிமை வந்த பிறகுதான் என்று காத்திருக்கவேண்டாம்.

ஸ்காபரோ மாணவி: ஆங்கிலத்துக்கு ஒரு தனியார் பள்ளியில் காசு கட்டினால் 95 தருவார்களாம். எடுக்கட்டுமா?

வேண்டாம், தங்கச்சி. வழக்கமான பகல் பள்ளிக்கு வெளியே ஏன் இந்தப் பாடத்தை எடுத்தாய் என்று வாட்டர்லூவின் விண்ணப்பப் படிவமே கேட்கிறது. அதைவிடப் பெரிய காரணம், முதலாண்டில் முதல் கட்டுரை எழுதும்போது அந்த 95 துணைக்கு வராது. உன் பள்ளியில் 84 எடுத்துக் கற்றுக்கொள்வது மேல்.

பிக்கறிங்கிலிருந்து மாணவன்: என் சராசரி 74. வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

தம்பி, 74 தோல்வி இல்லை. இதை உன் வீட்டாரிடமும் காட்டு. ஓஷவாவில் ஒன்ராறியோ டெக் இருக்கிறது, ட்ரென்ட் பல்கலைக்கழகத்தின் டர்ஹம் வளாகம் இருக்கிறது. இரண்டுமே உனக்கு ஒரு பஸ் தூரம். பாடத்துக்குப் பாடம் கேட்கும் புள்ளி மாறும், உனக்குப் பொருந்துபவை அங்கே இருக்கும். இன்னொரு வழி, பொதுக் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா முடித்து, அந்தப் பாடங்களுக்கு மதிப்பு வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. எந்த டிப்ளோமா எந்தப் பட்டத்துக்கு மாறும் என்று ஒன்-ட்ரான்ஸ்ஃபர் தளத்தில் தேடலாம். சேர்வதற்கு முன்பே தேடு. அப்படி மாறி வந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் எவ்வளவு உறுதியாகப் படிக்கிறார்கள் என்று நான் நேரில் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாணவன்: ஏ.எல். முடித்துவிட்டேன். ஒரு முகவர் கனடாவில் கல்லூரி எடுத்துத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

முதலில் பணத்தைப் பற்றி. வெளிநாட்டு மாணவருக்கு ரொறன்ரோவில் கலை, அறிவியல் படிப்புக்கே வருடத்துக்கு 60,000 டொலருக்கு மேல் கட்டணம். அது தவிர வாழ்க்கைச் செலவுக்கு 22,895 டொலர் இருப்பதைக் காட்டவேண்டும் என்று 2025 செப்டம்பர் முதல் விதி. படிக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். "அங்கே போய் உழைத்துக் கட்டலாம்" என்று யார் சொன்னாலும் இந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார், தம்பி. காணி விற்று வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

முகவர்கள் பலருக்குக் கல்லூரியிடமிருந்து தரகு உண்டு. அதனால் அவர் சொல்லும் இடம் உனக்குச் சரியான இடமாக இருக்கவேண்டும் என்பதில்லை. கல்வி நிறுவனம் குடிவரவுத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, அந்தப் படிப்பு முடித்தால் வேலை அனுமதி கிடைக்குமா என்று அரசின் தளத்தில் நீயே பார். பொதுக் கல்லூரியின் பெயரில் தனியார் கல்லூரி நடத்தும் படிப்புகளில் 2024 மே 15 முதல் சேர்ந்தவர்களுக்கு அந்த அனுமதி இல்லை. பட்டப்படிப்புக்குப் படிப்பு அனுமதி கேட்கும்போது மாகாணத்தின் உறுதிக் கடிதமும் வேண்டும்.

புள்ளி மிக நன்றாக இருந்தால் ரொறன்ரோவின் பியர்சன் புலமைப்பரிசிலைப் பார். கட்டணம், புத்தகம், விடுதி என்று நான்கு வருடத்துக்கும் தருவார்கள். உன் பள்ளிதான் பெயர் முன்மொழியவேண்டும், அதனால் அதிபரைப் போய்ப் பார். பள்ளி முடித்து அதிக காலம் ஆகியிருக்கக்கூடாது.

கோயம்புத்தூரிலிருந்து பி.இ. முடித்த ஒருவர்: மேடம், மாஸ்டர்ஸுக்கு எம்.இங்., எம்.ஏ.எஸ்சி. என்று இரண்டு இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

எம்.இங்., பாடங்கள் மட்டும். பெரும்பாலும் உங்கள் காசில் படிக்கவேண்டும். எம்.ஏ.எஸ்சி., ஆய்வேடு எழுதும் படிப்பு. சேர்க்கும்போதே பொதுவாக உதவித்தொகையும் தருவார்கள், ஆனால் உங்களை எடுத்துக்கொள்ள ஒரு பேராசிரியர் வேண்டும். ஆய்வில் மனம் இருந்தால் விண்ணப்பக் கெடுவுக்குச் சில மாதங்கள் முன்பே பேராசிரியர்களுக்கு எழுதுங்கள். நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்பாமல், பத்துப் பேரின் கட்டுரைகளை வாசித்து, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியோடு எழுதுங்கள். 2026 முதல் பொதுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் பட்டம் படிக்க வருபவர்களுக்கு மாகாண உறுதிக் கடிதம் தேவையில்லை.

மிசிசாகா மாணவி: பல்கலைக்கழகத்தில் தமிழும் படிக்கலாமா?

படிக்கலாம். ரொறன்ரோவின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ்ப் பாடங்கள் உண்டு. அங்கே தமிழ் இருக்கைக்காக நம் மக்கள் உலகெங்கும் சேர்த்த 30 இலட்சம் டொலர் இலக்கு 2021இல் நிறைவேறியது. நீ எந்தத் துறையில் இருந்தாலும் விருப்பப் பாடமாக ஒன்று எடுத்துப் பார்.

மார்க்கமிலிருந்து ஒரு தாயும் மகனும்: மூன்று இடங்களிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஜூன் தொடக்கத்துக்குள் பதில் சொல்லவேண்டும். எப்படி முடிவெடுப்பது?

கடிதங்களை மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் "நிபந்தனை" என்று எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள். இறுதிச் சராசரி எவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது, உதவித்தொகை அடுத்த வருடமும் தொடர எவ்வளவு புள்ளி வேண்டும் என்று பாருங்கள். முதல் வருடம் மட்டும் கிடைக்கும் 4,000 டொலரைப் பார்த்து நான்கு வருட முடிவை எடுக்கவேண்டாம்.

பிறகு மகன் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தந்தப் பாடத்தில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசவேண்டும். வளாகம் சுற்றிக்காட்டுபவரை விட்டுவிடுங்கள், அவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். துறை மாணவர் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் யாராவது பதில் எழுதுவார்கள். "உங்களோடு முதலாண்டில் தொடங்கியவர்களில் எத்தனை பேர் இன்னும் இதே பாடத்தில் இருக்கிறார்கள்? மற்றவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்று இடத்திலும் இதே கேள்வியைக் கேட்டு, பதில்களை எழுதி வையுங்கள். அதை எனக்கு அனுப்பினால் மூவரும் சேர்ந்து பார்க்கலாம்.