வாசகர் கேள்வி: சிதறிக் கிடக்கும் சோதனை முடிவுகள்

கேள்வி: எங்கள் வடிவமைப்புப் பிரிவில் உலோகச் சோதனை முடிவுகள் ஆளுக்கொரு எக்செல் கோப்பில் கிடக்கின்றன. ஏஐ மென்பொருள் வாங்கினால் எல்லாம் ஒழுங்காகிவிடுமா, ஐயா?

பதில்: ஆகாது. முதலில் எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்துக்குக் கொண்டுவாருங்கள். 6061 என்ற அலுமினியக் கலவையையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘டி6’ பதத்தில், அதாவது வெப்பமூட்டிக் கடினமாக்கிய நிலையில், அதன் ஈல்டு ஸ்ட்ரெங்த் (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) சுமார் 276 மெகாபாஸ்கல். மென்மையாக்கிய ‘ஓ’ பதத்தில் ஏறத்தாழ 55தான். கோப்பில் வெறுமனே ‘6061’ என்றிருந்தால் எந்த எண்ணை நம்புவீர்கள்? இன்னொருவர் அதே 276-ஐ கேஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு) கணக்கில் 40 என்று எழுதி, அலகை விட்டிருப்பார். ஒவ்வொரு மதிப்போடும் பதம், அலகு, சோதனை வெப்பநிலை, உருக்கு எண் (உலோகம் எந்தத் தொகுதியில் உருக்கப்பட்டது என்று காட்டும் எண்), சான்றிதழ் எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அதன்பிறகு ஏஐ நன்றாகவே உழைக்கும். ஸ்கேன் செய்த பழைய சான்றிதழ்களிலிருந்து எண்களை எடுத்துத் தரும்; 55 இருக்க வேண்டிய இடத்தில் 550 இருந்தால் சுட்டிக்காட்டும். ஆனாலும் ஒரு பொறியாளர் மூலச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்கட்டும். சோதிக்காத கலவைக்கு ஏஐ கணித்த மதிப்பைச் சோதனை மதிப்புகளோடு கலக்காதீர்கள். ‘கணிப்பு’ என்று தனியே குறியுங்கள். இல்லாவிட்டால், பின்னால் அதை எடுத்துப் பயன்படுத்துபவருக்கு வித்தியாசம் தெரியாது.