காரிடாரில் மீன்தொட்டி ஃபில்டர்: நகர மன்றம் எடுக்கச் சொன்னால் எதிர்க்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, ஐந்தாம் மாடி. கூடத்தில் மூன்றடி மீன்தொட்டி வைத்திருக்கிறேன். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டர் இரவெல்லாம் 'உம்'மென்று ஓடுவதால் அப்பாவுக்குத் தூக்கமில்லை. அதனால் ஃபில்டரை வாசலுக்கு வெளியே சுவரோரம் வைத்து, குழாய்களையும் ஒயரையும் ஜன்னல் வழியே கொண்டுபோய்விட்டேன். ஆறு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. இப்போது பக்கத்து வீட்டார் புகார் செய்ததில், 14 நாளுக்குள் எடுக்கும்படி நகர மன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நடக்க 1.3 மீட்டர் வழி விட்டிருக்கிறேன். இரண்டு வீடு தள்ளி ஒருவர் பூந்தொட்டிகளாக அடுக்கியிருக்கிறார், அவரை யாரும் கேட்பதில்லை. நான் எதிர்க்கலாமா? இல்லாவிட்டால் வெளிச்சுவரில் இருக்கும் ஏர்கான் திட்டில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: எதிர்த்துக் கடிதம் எழுதலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அதில் ஜெயிப்பீர்கள் என்று சொல்லி உங்களிடம் கட்டணம் வாங்க, வக்கீலான எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் வாங்கியது வீட்டுக்கான 99 ஆண்டுக் குத்தகை. காரிடார் பொதுச் சொத்து. அதைப் பராமரிப்பது நகர மன்றம். அங்கே இடைஞ்சலாக இருக்கும் பொருளை எடுக்கச் சொல்லவும், எடுக்காவிட்டால் தானே அகற்றவும் அதன் துணைவிதிகளில் அதிகாரம் இருக்கிறது. சில பழைய புளோக்குகளில் வாசலோரம் ஒதுங்கிய மூலையை வீவகவிடமிருந்து முறைப்படி வாங்கியவர்கள் உண்டு. உங்களிடம் அப்படி ஆவணம் இருந்தால் கதை வேறு. கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லாததால் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

1.3 மீட்டர் விட்டிருக்கிறேன் என்கிறீர்கள். குடிமைத் தற்காப்புப் படை கேட்பது குறைந்தது 1.2 மீட்டர். தீ விபத்தில் ஆட்கள் தப்பி ஓடவும், ஸ்ட்ரெச்சர் போய்வரவும் வேண்டிய வழி அது. அளவு சரி என்றால் தீப்பாதுகாப்பு விதியை மீறவில்லை என்று ஆகுமே தவிர, மிச்ச இடம் உங்களுக்குச் சொந்தம் என்று ஆகாது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அளவையும் எங்கிருந்து எடுத்தீர்கள்? டப்பாவின் ஓரத்திலிருந்தா, அதற்கும் வெளியே வளைந்து நிற்கும் குழாயிலிருந்தா? எதிரே யாராவது சைக்கிள் சாய்த்து வைத்தால் உங்கள் 1.3 என்ன ஆகும்?

பூந்தொட்டிக்காரரை விட்டுவிடுங்கள். அடுத்தவர் விதியை மீறுகிறார் என்பது உங்கள் மீறலுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. அவர்மேல் புகார் கொடுத்தால் கிடைக்கப்போவது இன்னொரு பகை.

நகர மன்றக் கடிதத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது தண்ணீர்தான். கேனிஸ்டர் ஃபில்டருக்குத் தண்ணீர் வருவது சைஃபன் முறையில், தொட்டியிலிருந்து தானாகவே கீழிறங்கி. மூன்றடித் தொட்டியில் சுமார் 180 லிட்டர் இருக்கும். நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் விளையாடும் பிள்ளை ஒன்றின் கால் பட்டு வெளிக்குழாய் கழன்றால், உள்ளே உறிஞ்சும் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதுவரை தொட்டி காலியாகும். அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகலாம், லிஃப்ட் பக்கம் போகலாம், வழுக்கி விழும் ஒரு முதியவரின் காலடிக்கும் போகலாம். நஷ்ட ஈடு கேட்டு வழக்கு வந்தால், கவனக்குறைவு என்று காட்ட அந்த ஒரு குழாயே போதும். ஜன்னல் வழியே போகும் ஒயரும் அப்படித்தான். வீட்டுக்குள் வைக்கத் தயாரித்த கருவி, மழைச்சாரல் அடிக்கும் இடத்தில் ஓடுகிறது. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். அது மின்தாக்குதலிலிருந்து உயிரைக் காக்க வைத்தது, ஒயரை வெளியே இழுக்கக் கொடுத்த உரிமம் அல்ல.

அப்புறம், ஃபில்டரின் அடியில் ஒரு தட்டு வைத்திருப்பீர்களே? கசிவு சொட்டினால் தரை நனையக்கூடாது என்று எல்லோரும் வைப்பார்கள். மூடிய டப்பாவுக்குள் ஓடும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடாது. அந்தத் தட்டில் தேங்கும் தண்ணீரில் இடும். 20 காசு நாணயத்தின் அகலத்துக்குத் தண்ணீர் இருந்தால் அதற்குப் போதும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொசு பறந்துவிடும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி தட்டில் புழுவைப் பார்த்தால், மீன் வளர்க்கிறேன் என்ற விளக்கம் எடுபடாது, அபராதம்தான்.

பக்கத்து வீட்டாரின் புகாரையும் யோசித்துப் பாருங்கள். காரிடார் வீடுகளில் படுக்கையறை ஜன்னல் பெரும்பாலும் காரிடாரைப் பார்த்தே இருக்கும். உங்கள் அப்பாவின் காதருகே இருந்த சத்தத்தை அவர்கள் கட்டிலருகே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். விஷயம் முற்றினால் சமூகச் சமரச நிலையத்தில் உட்காரவேண்டி வரும். அங்கும் தீராவிட்டால் 2015 சட்டத்தின்கீழ் அமைந்த அக்கம்பக்கத் தகராறுத் தீர்ப்பாயம். அது சத்தத்தை நிறுத்த உத்தரவிடலாம், 20,000 வெள்ளி வரை இழப்பீடும் விதிக்கலாம்.

ஏர்கான் திட்டா? வேண்டவே வேண்டாம். அது ஏர்கான் கம்ப்ரஸருக்கான இடம். ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு ஃபில்டர் விழுந்தால், யாருக்கும் அடிபடாவிட்டாலும், பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாகக் குற்ற வழக்கே வரலாம். மாடியிலிருந்து பொருள் விழும் விவகாரங்களில் வீவக வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, என்ன செய்வது? இன்றே நகர மன்றத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: எடுத்துவிடுகிறேன், குழாயை மாற்றி அமைக்க இந்தத் தேதி வரை அவகாசம் வேண்டும் என்று. கெடுவுக்குள் எடுத்துவிட்டுக் காலியான சுவரோரத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். ஃபில்டர் சத்தத்துக்கு வக்கீல் தேவையில்லை. பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கும், அல்லது தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரின் தண்டு தேய்ந்திருக்கும். டப்பாவை மெல்லச் சாய்த்துக் குமிழ்களை வெளியேற்றுங்கள், அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். தொட்டியின் கீழ் அலமாரியில் கதவுடன் அடைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அப்பாவுக்குக் கேட்டால் இம்பெல்லரை மாற்றுங்கள். அதன் விலை என் ஆலோசனைக் கட்டணத்தில் ஒரு துணுக்கு.