டேட்டாபேஸ் சர்வரின் லாக்கை (நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவை) வெளியிலிருந்து பார்க்க, போர்ட்டை (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசலை) திறந்துவிடலாமா?

வேண்டாம். டேட்டாபேஸ் மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸ் 5432-ஆம் போர்ட்டிலும் மைஎஸ்கியூஎல் 3306-இலும் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். திறந்தால் பாஸ்வேர்டை ஊகிக்கும் நிரல்கள் தட்ட ஆரம்பித்துவிடும்.

அதற்குத்தான் எஸ்எஸ்எச் டனல், அதாவது சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளேயே போடும் சுரங்கப்பாதை. டேட்டாபேஸ் 127.0.0.1-இல் (ஒரு கணினி தன்னையே குறிக்கும் முகவரி) மட்டும் இணைப்புகளை ஏற்கட்டும். உங்கள் கணினியின் 15432 போர்ட்டை எஸ்எஸ்எச் வழியாக சர்வரின் 5432-உடன் இணைத்து, நிர்வாகக் கருவியில் 127.0.0.1, போர்ட் 15432 என்று கொடுங்கள். (இந்தப் பக்கமும் 5432 என்றே வைத்தால், உங்கள் கணினியில் போஸ்ட்கிரெஸ் ஓடும்போது மோதும்.) ஒவ்வொரு அறைக்கும் தெருப்பக்கம் கதவு வைக்காமல், பூட்டிய ஒரே வாசல் வழியே உள்ளே போவது மாதிரி.

டனல் போட்டும் லாக் தெரியவில்லையா? தெரியாதுதான். டனலில் போவது கேள்வியும் பதிலும். லாக் என்பது சர்வரின் டிஸ்கில் கிடக்கும் தனி ஃபைல். அதைப் படிக்க சர்வரிலேயே அனுமதி வேண்டும். அதற்காக ரூட் (முழு நிர்வாக அதிகாரம்) கொடுத்துவிடாதீர்கள், சர்வரில் உபுண்டு லினக்ஸ் என்றால், பார்க்க வேண்டியவரை ‘ஏடிஎம்’ (adm) குழுவில் (பணம் எடுக்கும் ஏடிஎம் அல்ல!) சேர்த்தாலே போதும். மறுபடி லாகின் செய்தால்தான் அது பலிக்கும்.

‘லாக்’ என்று பெயர் இருந்தாலே அழிக்கலாம் என்று நினைத்து, டிஸ்க் நிறைந்தபோது போஸ்ட்கிரெஸின் ‘பிஜி_எக்ஸ்லாக்’ (pg_xlog) ஃபோல்டரைக் காலி செய்தவர்கள் உண்டு. அது தரவில் நடக்கும் மாற்றங்கள் முதலில் பதிவாகும் உயிர்ப்பகுதி, அதனால்தான் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அதன் பெயரையே ‘பிஜி_வால்’ (pg_wal) என்று மாற்றினார்கள்.