அரைக் கையெழுத்தில் நின்றுபோன நியமனம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் வேலை பார்க்கும் என் மகன், அங்குள்ள டென்னசி பல்கலைக்கழகம் 2017-இல் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரைத் தேடி அல்லல்பட்ட கதையை ஊரார் இன்னமும் பேசுவதாகச் சொல்கிறான். நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் மாறினால் அடுத்த தெருவுக்குக்கூடத் தெரிவதில்லை. அங்கே என்னதான் நடந்தது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அங்கே ஆடுவது நம் பிள்ளைகள் ஆடும் கால்பந்து அன்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் அணிந்து மோதும் ஆட்டம். அப்பல்கலைக்கழகத்தின் நேலண்ட் அரங்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம் என்றால், பயிற்சியாளர் யார் என்பது அங்கே எத்தனை வீடுகளின் பேச்சாக இருக்கும் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம்.

மிசௌரி அணியிடம் 50-17 என்று தோற்ற மறுநாள், 2017 நவம்பர் 12 அன்று, பயிற்சியாளர் புட்ச் ஜோன்ஸ் நீக்கப்பட்டார். எஞ்சிய இரண்டு ஆட்டங்களும் தோல்வியில் முடிய, ஒரே பருவத்தில் எட்டுத் தோல்விகள் என்ற, அதுவரை அந்த அணி கண்டிராத நிலை வந்தது. கடைசி ஆட்டத்துக்கு அடுத்த நாளான ஞாயிறு, நவம்பர் 26 அன்று, விளையாட்டுத் துறை இயக்குநர் ஜான் கரி, ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்த கிரெக் ஷியானோவுடன் ஒப்பந்தக் குறிப்பாணை ஒன்றில் கையெழுத்திட்டார். செய்தி கசிந்ததும் ஊர் கொதித்தது. வளாகத்தில் மாணவர்கள் தம் மனத்தில் பட்டதை வண்ணம் பூசி எழுதிவைக்கும் பெரும்பாறை ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு எதிரான கொடுமையை மறைத்தவர் ஷியானோ என்ற குற்றச்சாட்டு அன்று மாலைக்குள் அந்தப் பாறையில் பெரிய எழுத்துகளில் ஏறிவிட்டது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் வெளிப்படையாக எதிர்த்தனர். குறிப்பாணையில் ஷியானோவும் கரியும் கையெழுத்திட்டிருந்தார்கள். நம்மூர்க் கணக்கில் துணைவேந்தர் என்று சொல்லத்தக்க பெவர்லி டேவன்போர்ட்டின் கையெழுத்து விழவில்லை. இரவுக்குள் பல்கலைக்கழகம் பின்வாங்கிவிட்டது.

கேள்வி: அப்படியொரு குற்றச்சாட்டு உள்ளவரை மக்கள் தடுத்தது நியாயம்தானே?
– வாசகி, தென்காசி

பதில்: குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிய கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆதாரம் என்னவென்று பார்த்தாக வேண்டும். 1990-களின் முற்பகுதியில் ஷியானோ பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் குழுவில் இருந்தார். அதே குழுவில் இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி, சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதற்காக 2012-இல் தண்டிக்கப்பட்டார். ஷியானோவுக்கு ஏதோ தெரிந்திருந்தது என்று இன்னொரு பயிற்சியாளர் சொல்லக் கேட்டதாக, மூன்றாம் நபர் ஒருவர் அளித்த வாக்குமூலம் 2016-இல் வெளியாயிற்று. ஷியானோவும் மறுத்தார், சொன்னதாகக் கூறப்பட்டவரும் மறுத்தார். வழக்கு எதுவும் அவர் மேல் இல்லை. கேள்விப்பட்டவரிடம் கேள்விப்பட்ட சொல்லை வைத்து ஒரு மனிதரைக் குற்றவாளி என்று பாறையில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்காகக் கரியின் பக்கம் தவறில்லை என்று சொல்லமாட்டேன். அந்த வாக்குமூலம் ஓராண்டுக்கு முன்பே எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்த ஒன்று. பென் ஸ்டேட் விவகாரத்தை ஆராய்ந்த 2012-ஆம் ஆண்டு அறிக்கையைத் தாங்கள் படித்ததாகவும், அதில் ஷியானோவின் பெயரே இல்லை என்றும், அவரை எந்த வழக்கிலும் சாட்சியத்துக்கு அழைக்கவில்லை என்றும் கரி தெளிவாக விளக்கினார். நல்ல விளக்கம்தான், ஆனால் அது வந்தது திங்கட்கிழமை, எல்லாம் கலைந்த பிறகு. தாம்பூலம் மாற்றிவிட்டு வீட்டுப் பெரியவர்களிடம் சம்மதம் கேட்பதைப் போன்ற காரியம் இது. இதே விளக்கத்தை அறிவிப்புக்கு முன்பே நிர்வாகத்தார், முன்னாள் வீரர்கள், நன்கொடையாளர்கள் ஆகியோர் முன் வைத்திருந்தால், அவர்கள் ஏற்றிருக்கலாம், மறுத்தும் இருக்கலாம். எப்படியானாலும் ஒருவருடைய பெயர் ஊரறியச் சிதைந்திருக்காது.

கேள்வி: ஒருவர் போனால் இன்னொருவர் என்று எடுக்க வேண்டியதுதானே? ஏன் இழுபறி?
– ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: எடுக்கத்தான் முயன்றார்கள், ஐயா. வேறு பல்கலைக்கழகங்களில் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்த மைக் கண்டி, ஜெஃப் ப்ரோம், டேவ் டோரன் என அடுத்தடுத்து நடந்த பேச்சு எதுவும் கைகூடவில்லை. இருக்கும் இடத்தை விட்டு அந்தக் கொந்தளிப்புக்குள் இறங்க யார் துணிவார்கள்? பிறகு கலிஃபோர்னியாவுக்குப் பறந்து மைக் லீச் என்ற இன்னொரு பயிற்சியாளரைச் சந்தித்த கரியை ஊருக்குத் திரும்ப அழைத்து, டிசம்பர் 1 அன்று பணியிடை நீக்கம் செய்தார்கள். தேடலை நடத்துபவரையே நடுவழியில் மாற்றிய இதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுகிறேன், ஏனென்றால் முடிவெடுக்கும் அதிகாரம் உண்மையில் யாரிடம் இருக்கிறது என்பது அதற்குப் பிறகு யாருக்கும் விளங்கவில்லை. 1998-இல் அணிக்குத் தேசியப் பட்டம் வென்று தந்த பழைய பயிற்சியாளர் ஃபிலிப் ஃபுல்மர் கரியின் நாற்காலியில் அமர்ந்து, ஒரே வாரத்தில் ஜெரமி ப்ரூயிட்டை நியமித்தார். ப்ரூயிட் மூன்று பருவங்களில் 16 வெற்றி, 19 தோல்வி கண்டு, வீரர் சேர்ப்பில் நடந்த முறைகேடுகளுக்காக 2021 ஜனவரியில் நீக்கப்பட்டார். 2023-இல் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு 18 கடுமையான விதிமீறல்களைக் கண்டறிந்து, பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலர் அளவுக்கு அபராதம் விதித்தது. இடையில் கரிக்கு 25 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கு முடித்தார்கள். டேவன்போர்ட்டும் 2018 மே மாதத்தில் பதவி இழந்தார்.

கேள்வி: அணி மீண்டதா?
– கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்

பதில்: மீண்டது. 2021-இல் வந்த ஜாஷ் ஹைப்பலின் பயிற்சியில், தொடர்ந்து 15 ஆண்டுகள் தோற்றுவந்த அலபாமா அணியை 2022 அக்டோபரில் 52-49 என்று வென்றார்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரிக் கபடி அணிக்கு, பழைய மாணவர் சங்கம் தரும் மதிப்பூதியத்தில் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்த இருக்கிறோம். தேர்வுக் குழுவில் நானும் இருக்கிறேன். நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: நியமன ஆணையில் கையெழுத்திடப்போவது செயலரா, முதல்வரா என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் முடிவு செய்யுங்கள். பணம் தரும் சங்கத்தார் கருத்துச் சொல்லலாம். ஆனால் இறுதிப் பெயரை அவர்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்கும் கூட்டம் ஆணைக்கு முன்பே நடந்துவிட வேண்டும். அவரைப் பற்றி ஊரில் ஏதேனும் பேச்சு இருந்தால், அவரையே அழைத்து நேரில் கேட்டு, அவர் பதிலைக் குறிப்பேட்டில் பதியுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் தாட்சண்யம் பார்க்காதீர்கள். 2001 டிசம்பரில் நோட்டர்டேம் பல்கலைக்கழகம் ஜார்ஜ் ஓலியரியைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. பெறாத முதுகலைப் பட்டத்தையும், கல்லூரிக் காலத்தில் ஆடாத ஆட்டங்களையும் தம் விவரக் குறிப்பில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வந்தது தெரியவந்து, ஐந்தே நாட்களில் அவர் விலகினார். எனவே விண்ணப்பதாரர் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம் பெற்றவர் என்று சொன்னால், நகலோடு நிற்காமல், மூலச் சான்றிதழைப் பார்த்து, அந்த நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்டு, பதில் கைக்கு வந்த பிறகே ஆணையைத் தட்டச்சுக்குக் கொடுங்கள்.