கரோலினாவின் உரல்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அடிமைமுறை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம். வயலில் வதைபட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே? பெண்களுக்குச் சமையல், பிள்ளை வளர்ப்பு என்று வீட்டுக்குள்தான் வேலை. அவர்கள் நிலை கொஞ்சம் தேவலை என்று சொல்லலாமா? முதலில் எதைப் படிக்கலாம்?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

'தேவலை' என்று எழுத எப்படி மனம் வந்தது? எஜமானியின் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, தன் குழந்தை அழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றவளின் வீட்டுவேலை அது. பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் நிலைதான் என்று வர்ஜீனியா 1662-லேயே சட்டம் போட்டுவிட்டது. எஜமான் தனக்குப் பிறந்த பிள்ளையையே விற்கலாம். இதை இத்தோடு விடுகிறேன்.

வயலுக்கு வருவோம். நெல் விளையும் ஊர்க்காரரான நீங்களே இப்படிக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரச் சேற்றில் ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் நின்றார்கள். குதிகாலால் குழி போட்டு, விதையிட்டு, பாதத்தாலேயே மண்ணைத் தள்ளி மூடுவார்கள். மேற்கு ஆப்பிரிக்க நெல் நாடுகளில் பழகிய கால்கள் அவை.

பகல் வேலை முடிந்தபின் இடிப்பு. அடிமரத்தைக் குடைந்த உரல், ஆளுயர மர உலக்கை. சின்ன வயதில் ஒருநாள் நானும் வீம்புக்கு உலக்கையை ஓங்கிப் போட்டேன். ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டார். "இடிக்காதடா, விழ விடு. அரிசி நொறுங்கிரும்." உமி உரிய வேண்டும், மணி உடையக் கூடாது. அந்த நிதானம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. ஆச்சியின் உள்ளங்கை காய்த்துப் போய் மரம் மாதிரி இருக்கும். ஆனால் அவர் இடித்தது எங்கள் வீட்டு உலைக்கு.

கரோலினாவில் முழு அரிசி சார்ல்ஸ்டன் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. குருணைக்கு விலை குறைவு; அது இடித்தவர்களின் கஞ்சிக்கு. ஜோனதன் லூகாஸ் தண்ணீரில் ஓடும் அரிசி ஆலையை அமைத்தது 1780-களின் கடைசியில்தான். அதுவரை அந்த ஊர் அரிசிச் செல்வத்தில் பெரும்பங்கு உரலில் இடித்து எடுத்தது. இதைப் போய் வெறும் உடலுழைப்பு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எந்த அடியில் நிறுத்துவது, எப்போது புடைப்பது என்று தெரிந்திருப்பது அறிவில்லையா? அவர்கள் புல்லைச் சுருட்டிப் பின்னிய முறத்தை அவர்களின் வழிவந்த பெண்கள் இன்றும் சார்ல்ஸ்டன் பக்கத்தில் சாலையோரம் உட்கார்ந்து பின்னுகிறார்கள். அதைக் கலை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். உலக்கை பிடித்த கையை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு ஆறாத விஷயம் இது.

ஜார்ஜியாவின் பட்லர் தீவில், பிரசவமான மூன்றாவது வாரமே வயலுக்குத் திரும்ப வேண்டும். 1839-ல் அங்கே இருந்த எஜமானி ஃபேனி கெம்பிளிடம் பெண்கள் கூட்டமாக வந்து, அதை நான்கு வாரமாக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவர் அதை நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

சரி, படிக்கக் கேட்டிருந்தீர்கள். ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861-ல் வெளியிட்ட தன்வரலாற்றில் தொடங்குங்கள். எஜமானிடமிருந்து தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத பொந்தில் ஏறக்குறைய 7 வருடம் ஒளிந்திருந்தவர். அவர் வயலில் இறங்கியவரில்லை, வீட்டுவேலைதான் பார்த்தார்.