நக்கீரரும் நொட்டை சொல்பவரும்

அன்புள்ள ஐயா,

வணக்கமுங்க. எங்கள் பெரியப்பா எந்த விசேஷத்துக்குப் போனாலும் குறை சொல்லாமல் வரமாட்டார். காங்கேயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் உட்கார்ந்ததும், "நக்கீரர் வந்துட்டாருங்க, பாத்துப் பரிமாறுங்க" என்று யாரோ சொன்னார்கள். அவருக்கு ஒரே பெருமை. கடுமையாகக் குறை சொல்லும் எல்லோரையும் நக்கீரர் என்பது சரிதானா?

வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள வாசகிக்கு,

வழக்கில் அந்தப் பெயர் அப்படித்தான் ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், தருமி கொண்டுவந்த பாட்டில் சொற்குற்றம் இல்லை, பொருளில்தான் குற்றம் என்கிறார் நக்கீரர். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் கிடையாது, பூச்சூடுவதால் வருவது என்று காரணமும் காட்டுகிறார். ஒரே இடம், அதற்கு ஒரு காரணம். எதிரே நிற்பவர் சிவன் என்று தெரிந்த பிறகும் பேச்சை மாற்றவில்லை. நெற்றிக்கண்ணின் வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். அப்புறம் இறைவன் அவரைக் கரையேற்றி, அகத்தியரைக் கொண்டு இலக்கணம் சொல்லித்தர வைக்கிறார். நக்கீரரும் கற்றுக்கொள்கிறார். கதை சொல்பவர்கள் பலர் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

ஈரோட்டு மண்டியில் விரலி மஞ்சளை ஒடித்து, உள்நிறம் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கும் வியாபாரியோடு விவசாயி வாதாடலாம். மூட்டையைப் பிரிக்காமலே முகம் சுளிப்பவரோடு என்ன பேசுவது? அந்த ஆளைத்தான் 'நொட்டை சொல்றவர்' என்கிறோம். உங்கள் பெரியப்பா எந்த வகை என்பதை, சாம்பாரில் என்ன குறை என்று கேட்டாலே தெரிந்துகொள்ளலாம். புளி கூடிவிட்டது என்று சுட்டிச் சொன்னால் நக்கீரர் என்றே கூப்பிடுங்கள். 'என்னமோ சரியில்ல' என்றால் அந்தப் பெயர் வேண்டாம்.

தருமிக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் பாட்டு, இறையனார் பெயரில் குறுந்தொகையின் 2ஆம் பாடலாக இருக்கிறது. 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி' என்று தொடங்கும். இங்கே கொங்கு என்பது நம் நாடு அல்ல, பூந்தாது. அடுத்த அடி, 'காமம் செப்பாது கண்டது மொழிமோ'. எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்று தலைவன் வண்டிடம் கேட்கிறான். அப்படிக் கேட்கும் பாட்டின் முன்னால் நின்றுதான் நக்கீரர் தனக்குப் பட்டதைச் சொன்னார். மொத்தம் ஐந்தே அடி. முழுதாக ஒருமுறை வாசித்துவிட்டு, நக்கீரர் சொன்ன குற்றம் உங்களுக்கும் படுகிறதா என்று எழுதுங்கள்.